வேலை செய்கிறவனுக்கே மேலும் மேலும் வேலை, இது என்ன நியாயம்?

கேள்வி: கொக்குவில் வாசகர், 2024 பெப்ரவரி 10

அரச சேவைக்கு வந்து ஐந்து வருசம் ஆகிறது. முகாமைத்துவ உதவியாளராக இருக்கிறேன். எங்கள் செக்சனில் நாலு பேர். இரண்டு பேர் வேலை செய்கிறோம். ஒருவர் காலையில் விரல் அடையாளம் வைத்துவிட்டு வெளியே போனால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் திரும்பி வருவார். மற்றவருக்கு மேலே ஆள் இருக்கிறது, ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. நாலு பேருக்கும் சம்பளம் ஒன்றுதான், சம்பள ஏற்றமும் ஒரே மாதிரித்தான் விழுகிறது. நான் கெதியாக முடித்துக் கொடுப்பதால் மற்றவர்களின் பைலும் என் மேசைக்கே வருகிறது. உங்களுக்கு மட்டும் ஏன் இந்தச் சோலி என்று மனிசி கேட்கிறாள். இனி நானும் அவர்களைப் போல இருக்கப்போகிறேன். வருகிற சனத்துக்கு "நாளைக்கு வாங்கோ" என்றால் எனக்கென்ன குறைந்துவிடும்? பொதுச்சேவை, கடமை எல்லாம் மேடையில் கதைக்கத்தான். மனிசனுக்கு நிம்மதிதான் முக்கியம். இதில் பிழை இருந்தால் சொல்லுங்கள்.

பெப்ரவரி 10, இரவு

தம்பி, நீங்கள் எழுதியதில் முக்கால்வாசி உண்மை. நானும் இதே சேவைதான், உங்களைவிடக் கனகாலமாக இருக்கிறேன். பட்டணத்துக் கந்தோரும் பார்த்தாயிற்று, தீவுப் பக்கமும் பார்த்தாயிற்று. செய்கிறவரின் மேசையில் பைல் குவிவதும், செய்யாதவரின் மேசை துடைத்துவிட்டது போல இருப்பதும் எல்லா இடத்திலும் நடக்கிறது. உங்கள் கோபத்தை நான் குறை சொல்லமாட்டேன். அந்த "நாளைக்கு வாங்கோ" ஒன்றுதான் எனக்குப் பொறுக்கவில்லை, அதற்காகவே எழுதுகிறேன்.

முன்னர் நான் இருந்த ஒரு கந்தோருக்கு நெடுந்தீவிலிருந்து ஒரு அம்மா வந்தார். புருசன் செத்த பிறகு வரவேண்டிய விதவைகள் பென்சன் அலுவல். காலைப் படகில் ஏறி, குறிகட்டுவானில் இறங்கி, பஸ் எடுத்து எங்கள் வாசலுக்கு வரப் பத்தரை ஆகிவிட்டது. கடதாசிகள் எல்லாம் கடல் தண்ணி படாமல் இரண்டு பொலித்தீன் பைக்குள், ஒன்றுக்குள் ஒன்றாக. திருமணப் பதிவு, மரணச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி எல்லாம் தனித்தனியாக. அந்த விடயத்தைப் பார்க்கிறவர் அன்று லீவு. பக்கத்து மேசையில் இருந்தவருக்கும் அந்த வேலை நன்றாகத் தெரியும். ஆனால் அவருக்கு லீவு எடுத்தவரோடு உங்களுடையதைப் போலவே ஒரு மனத்தாங்கல், அவனுடைய வேலையை நான் ஏன் செய்ய வேண்டும் என்று. "அவர் இண்டைக்கு லீவு அம்மா, நாளைக்கு வாங்கோ" என்றார். அந்த அம்மா கோபிக்கவில்லை. "நாளைக்குப் போட் ஓடுமோ தெரியாது பிள்ளை" என்று மட்டும் சொன்னார். சோளகம் எழும்பியிருந்த நேரம், கடல் கொந்தளித்தால் படகு விடமாட்டார்கள் என்பது தீவுச் சனத்துக்கு மட்டும் தெரிந்த கதை இல்லை, எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

லீவு எடுத்தவருக்கு அன்று ஒரு நட்டமும் இல்லை. கந்தோருக்கும் இல்லை. முழுத் தண்டனையும் அந்த அம்மாவின் தலையில் போய் விழப் பார்த்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று எங்கள் ஊரில் சொல்வது இதற்குத்தான். உங்கள் செக்சனில் நடக்கிற அநியாயத்தை நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டும். ஆனால் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிற மனிசர் அதைச் செய்யவில்லையே.

பெப்ரவரி 10, கொஞ்சம் பிந்தி

ஒன்று விட்டுப்போயிற்று. அந்த அம்மாவின் அலுவலைப் பிறகு யார் பார்த்தது என்று கேட்பீர்கள். அன்றே நிருவாக உத்தியோகத்தர் வந்து பைலை எடுப்பித்தார், ஒரு கையொப்பமும் ஒரு பிரதியும்தான் குறை, அரை மணித்தியாலம் செல்லவில்லை. அந்த அரை மணித்தியாலத்தை மிச்சம் பிடிக்கத்தான் ஒரு மனிசரின் முழு நாளைப் பறிக்கப் பார்த்தோம்.

பெப்ரவரி 11

சுன்னாகத்திலிருந்து ஒரு அண்ணை எழுதியிருக்கிறார்: "இதெல்லாம் வீண் கதை. வேலை செய்யாதவனை வீட்டுக்கு அனுப்புங்கோ, தனியார் கம்பனியில் இப்படி விடுவார்களா?"

அண்ணை, உங்கள் எரிச்சல் விளங்குகிறது. கந்தோர்களில் ஏறி இறங்கினவர்கள் எல்லாரும் சொல்வதுதான். ஆனால் "வீட்டுக்கு அனுப்பு" என்ற அதிகாரத்தைக் கையில் கொடுத்தால் அது யார்மேல் பாயும் என்பதையும் பார்க்க வேண்டும். 1980 யூலையில் 300 ரூபா சம்பள உயர்வு கேட்டு நாடு முழுக்க வேலைநிறுத்தம் செய்தார்கள். அரசாங்கம் சுமார் 40,000 பேரை ஒரேயடியாக வேலையிலிருந்து நீக்கியது. அதில் எத்தனை பேர் சோம்பேறிகள்? சம்பளம் போதவில்லை என்று வாய் திறந்து கேட்டவர்கள்தான் போனார்கள். மேலே ஆள் உள்ளவர் அன்றைக்கும் இருந்திருப்பார், இன்றைக்கு உங்கள் சட்டம் வந்தாலும் இருப்பார். ஒரு எம்.பி. சொன்னதைச் செய்யமாட்டேன் என்று சொல்கிற கிளாக்கருக்கு நிரந்தர நியமனம் ஒன்றுதான் காவல். அது போய்விட்டால் முதலில் நேர்மையானவர்தான் வெளியே நிற்பார்.

ஆனபடியால் எல்லாம் இப்படியே இருக்கட்டும் என்று நான் சொல்லவில்லை. வருடா வருடம் செயலாற்றுகை மதிப்பீட்டுப் படிவம் நிரப்புகிறோம். அதைக் கடமையாக நினைத்து நிரப்பின மேலதிகாரியை நான் மிகக் குறைவாகத்தான் கண்டிருக்கிறேன். எல்லாருக்கும் "திருப்தி". நாள் முழுக்க வெளியே திரிகிறவருக்கும் அதுதான், பின்னேரம் ஐந்து மணிவரை இருந்து கணக்கு முடிக்கிறவருக்கும் அதுதான். ஒருவரைப் பற்றி உண்மையை எழுதினால் அவர் முகத்தை நாளைக்கும் பார்க்க வேண்டும், அவருடைய மாமா யாரென்று யோசிக்க வேண்டும். யாழ்ப்பாணம் சின்ன இடம், கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் திரும்பத் திரும்பச் சந்திக்கிற ஆட்கள்தான். இந்தத் தயக்கத்தை நான் வெறும் கோழைத்தனம் என்று சொல்லமாட்டேன், ஆனால் அதற்கான விலையை தம்பி போன்றவர்கள்தான் கட்டுகிறார்கள். தண்டிக்க அதிகாரம் இல்லை என்பது சாட்டு. இருக்கிற படிவத்தை உண்மையாக நிரப்பினாலே பாதி வேலை நடக்கும்.

பெப்ரவரி 13

இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் எழுதியதை வாசித்தால், நல்ல ஊழியர் என்றால் வாய் மூடிக்கொண்டு நாலு பேரின் வேலையையும் செய்ய வேண்டும் என்று யாரும் எடுத்துக்கொள்ளலாம். நான் நினைப்பது அதுவல்ல.

தம்பி, நீங்கள் இரண்டு பேரும் நாலு பேரின் வேலையை முடித்துக் கொடுக்கும்வரை, மேலே போகிற அறிக்கையில் உங்கள் செக்சன் ஒழுங்காக ஓடுகிறது. நிலுவை இல்லை, முறைப்பாடு இல்லை. பிறகு ஏன் மேலதிகாரி தலையிடப்போகிறார்? உங்கள் உழைப்பே மற்ற இருவருக்கும் மறைப்பாக நிற்கிறது. கிராம அலுவலர் விசயத்திலும் இதுதான் நடக்கிறது. யாழ் மாவட்டத்தில் 15 பிரதேச செயலகங்கள், 435 கிராம அலுவலர் பிரிவுகள். ஓரிடம் வெற்றிடமானால் பக்கத்துப் பிரிவுக்காரரைப் பதில் கடமைக்குப் போடுவார்கள். அவரும் மோட்டார் சைக்கிளில் இங்கேயும் அங்கேயுமாக ஓடி எப்படியோ சமாளிப்பார். அவர் சமாளிப்பதால் அந்த வெற்றிடம் யாருக்கும் அவசரமாகத் தெரியாது. வதிவிடச் சான்றிதழுக்கு வந்த மனிசருக்கு மட்டும்தான் பூட்டிய கதவு தெரியும்.

அதனால் செய்ய வேண்டியது வேறு. கடமைப் பட்டியலை எழுத்தில் கேளுங்கள். அநேகமான செக்சனில் அது இருக்காது, அல்லது எப்போதோ மாறிப்போன ஒருவரின் பெயரில் இருக்கும். உங்கள் பட்டியலில் உள்ளதைக் குறைவில்லாமல் செய்யுங்கள். மற்றவரின் பைல் உங்களிடம் வந்தால் எடுங்கள், ஆனால் வாய்ச்சொல்லுக்கு எடுக்காதீர்கள். இன்ன திகதியில் இன்ன பைல் எனக்குப் பாரம் தரப்பட்டது என்று நிருவாக உத்தியோகத்தருக்கு இரண்டு வரிக் குறிப்பு அனுப்புங்கள். சண்டை வேண்டாம், ஆளின் பெயரை இழுக்கவும் வேண்டாம். திகதியும் பைல் இலக்கமும் போதும். மாதக் கடைசியில் அந்தக் குறிப்புகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் யார் என்ன செய்கிறார் என்பது தானாகத் தெரியவரும். நேரம் முடிந்து 4.15க்கு வெளியே வாருங்கள். அன்றைக்கு நின்று செய்தே தீர வேண்டிய அலுவல் என்றால் நில்லுங்கள், ஆனால் அதை வழக்கமாக்க வேண்டாம்.

அப்படியென்றால் கவுண்டரில் நிற்கிறவரின் அலுவல் பிந்தாதா என்று கேட்கலாம். கொஞ்சம் பிந்தும். அதனால்தான் வாசலில் வந்து நிற்கிற ஆளையும் மேசையில் கிடக்கிற பைலையும் நான் பிரித்துப் பார்க்கிறேன். நேரே வந்து நிற்கிறவருக்கு அன்றைக்குச் செய்யக்கூடியதைச் செய்துவிடுங்கள், அது யாருடைய விடயமாக இருந்தாலும் சரி. குவிந்து கிடக்கிற நிலுவையை நீங்கள் தனியாகத் தூக்கிச் சுமக்க வேண்டாம், அது மேலே தெரியட்டும். இது முழுத் தீர்வு என்று சொல்லமாட்டேன். இதைவிட நல்ல வழியை நான் காணவில்லை.

பெப்ரவரி 14

மானிப்பாய்ச் சகோதரி எழுதியது: "அக்கா, 4.15க்கு வெளிக்கிட்டு வீட்டை போனால் மாமி இன்னொரு கடமைப் பட்டியல் வைச்சிருப்பா. அதிலை நாலு பேரின்ரை வேலையும் என்ரை பேரிலைதான்."

எல்லாரும் சிரிப்புப் படம் போட்டிருக்கிறீர்கள். எனக்கு இது இந்த இழையிலேயே முக்கியமான வரி. கந்தோரில் நியாயம் வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதுகிற ஆண்கள் வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணிக்குக் காத்திருக்கிறார்கள். காலையில் எழும்பிப் புட்டு அவித்து, பிள்ளையை வெளிக்கிடுத்தி, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு விழ முன் ஒப்பம் வைக்கிறது பெண்கள்தான். இப்போது கோட்டுக்குப் பதில் இயந்திரம், நேரத்தை நிமிடக் கணக்கில் பிடிக்கிறது. அரைநாள் லீவில் பாதியும் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றுதான் போகிறது, அதையும் "இவ அடிக்கடி லீவு" என்று கணக்குப் பார்ப்பார்கள். கொக்குவில் தம்பி, மனிசி "உங்களுக்கு ஏன் இந்தச் சோலி" என்று கேட்கிறா என்று எழுதினீர்கள். அவவுக்கு எத்தனை சோலி என்று ஒருக்கால் கேட்டுப் பாருங்கள்.

பெப்ரவரி 17

"மேலிடத்தோடு ஒரு கிளாக்கர் மல்லுக்கட்டி வென்ற சரித்திரம் உண்டா?" என்று பருத்தித்துறையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். உண்டு. இப்போது சேவைக்கு வருகிற பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்காததால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

செல்லையா கோடீஸ்வரன். கேகாலைக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், எழுதுவினைஞர் சேவையில் இருந்தவர். 1956இல் சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்ற தனிச் சிங்களச் சட்டம் வந்தது. பிறகு தமிழ் உத்தியோகத்தர்களும் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சை எழுத வேண்டும், இல்லாவிட்டால் சம்பள ஏற்றம் இல்லை என்று சுற்றறிக்கை போட்டார்கள். அவர் அந்தப் பரீட்சைக்குத் தோற்றவில்லை. 1962இல் அவருடைய சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. அவர் சட்டமா அதிபருக்கு எதிராக வழக்குப் போட்டார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1967இல் உயர் நீதிமன்றம் அதைப் புரட்டியது. அந்தத் தீர்ப்பு மொழியைப் பற்றியதே இல்லை. அரச ஊழியர் சம்பளத்துக்காக அரசாங்கத்தின்மேல் வழக்குப் போடவே முடியாது என்றார்கள். அப்போது எங்கள் வழக்குகளுக்குக் கடைசி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவிக் கவுன்சில் வரை அவர் போனார். 1969 டிசம்பரில், முடியும் என்று அங்கே தீர்ப்பானது.

இதன் பொருளை ஆறுதலாக யோசித்துப் பாருங்கள். ஒரு தமிழ்க் கிளாக்கர் தன்னுடைய ஏற்றத்துக்காகப் போராடினார், கிடைத்ததோ இந்த நாட்டின் எல்லா அரச ஊழியருக்கும். மாத்தறையில் இருக்கிற சிங்கள ஊழியருக்கும் சம்பளத்தைச் சட்டப்படி கேட்கிற உரிமை அந்தத் தீர்ப்பில் உறுதியானது. பொதுச்சேவை என்றால் மேடைப் பேச்சு என்கிறவர்களுக்கு இந்த மனிசரைத்தான் காட்டுவேன். அவர் கதிரையை எறிந்துவிட்டுப் போகவில்லை. வருகிற சனத்தைத் திருப்பி அனுப்பிப் பழி தீர்த்ததாகவும் நான் கேள்விப்பட்டதில்லை. கேட்க வேண்டிய இடத்தில் கேட்டார், ஏழு வருசமாகக் கேட்டார்.

பெப்ரவரி 18

பின்னூட்டத்தில் ஒருவர் "பிரிவிக் கவுன்சில் தனிச் சிங்களச் சட்டத்தையே செல்லாது என்று தள்ளியது" என்று எழுதியிருக்கிறார். அப்படி நடக்கவில்லை. அந்தச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணா என்ற கேள்வியைத் தாங்கள் தீர்க்காமல், நீங்களே விசாரியுங்கள் என்று இங்கத்தைய உயர் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கேள்வி கடைசிவரை தீர்க்கப்படவே இல்லை. 1971இல் பிரிவிக் கவுன்சிலுக்குப் போகிற வழியும் அடைபட்டது, 1972இல் புது அரசியலமைப்பு வந்தது. தமிழும் அரசகரும மொழி என்று எழுதப்பட்டது 1987இல், 13ஆம் திருத்தத்தில்தான். சரியாகச் சொன்னாலே அவர் செய்தது பெரிது, கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

இன்றைக்கு அப்படி நீண்ட வழி போக வேண்டியதும் இல்லை. இடமாற்றத்திலோ பதவி உயர்விலோ பாகுபாடு நடந்தால் அரசியலமைப்பின் 12(1) இருக்கிறது, சட்டத்தின்முன் எல்லாரும் சமம். உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் போக வேண்டும், அதைத் தவறவிட்டுத்தான் கன பேர் பிறகு கைபிசைகிறார்கள். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்தால், அங்கே விசாரணை நடக்கிற காலம் அந்த மாதக் கணக்கில் சேராது. யாழ்ப்பாணத்திலேயே அவர்களுடைய பிராந்திய அலுவலகம் உண்டு. உங்கள் விசயத்தில் யாருக்கு என்ன அடிப்படையில் இடமாற்றம் கொடுத்தார்கள் என்று தெரிய வேண்டுமா, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போடுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அரச ஊழியரும் பிரசைதான், எங்களுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும்.

பெப்ரவரி 24

ஒரு கிழமை எழுத நேரம் கிடைக்கவில்லை. இடையில் "கடமை என்பது சம்பளத்துக்குத்தான், அதற்கு மேல் என்ன?" என்று கனபேர் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இதில் ஒரு ஆளைச் சொல்ல வேண்டும்.

1995 ஒக்டோபர் 30 இரவு, போர் நெருங்கி வர, வலிகாமம் முழுக்க ஊரைவிட்டு வெளிக்கிட்டது. செம்மணி வெளி, நாவற்குழிப் பாலம், மழை, அசையாத சனக்கூட்டம். நான் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறைக்கு நாலைந்து குடும்பமாக ஒதுங்கினோம். ஓரிரு நாளில் எங்கள் விதானையார், அதாவது கிராம அலுவலர், வந்து சேர்ந்தார். அவரும் எங்களைப் போல வெளிக்கிட்டு வந்தவர், மனிசியும் பிள்ளைகளும் வேறொரு பள்ளிக்கூடத்தில். கையில் இருந்தது ஒரு பெரிய கொப்பியும் குடும்ப அட்டைக் கட்டும். பின்னேரம் இருட்டினதும் ஜாம் போத்தல் விளக்கை மேசையில் வைத்து, ஒவ்வொரு குடும்பமாகக் கூப்பிட்டு எழுதினார். மண்ணெண்ணெய் தட்டுப்பாடு, திரி இத்துனூண்டு, பக்கத்தில் இருந்தால்தான் எழுத்துத் தெரியும். ஒரு கிழவி தன் மகனின் பெயரைச் சொன்னார். மகன் எங்கே என்று அவருக்குத் தெரியாது, வழியில் விட்டுப்போயிற்று. விதானையார் பேனையை நிறுத்தி, "எழுதி வைக்கிறன் ஆச்சி, வந்தால் பேரில்லை எண்டு சொல்லக்கூடாது" என்று எழுதினார். பிறகு பக்கத்து ஓரத்தில் பென்சிலால் ஏதோ குறித்தார். இல்லாத ஆளுக்கு நிவாரணம் எடுத்ததாக நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது என்பதற்குத்தான் அந்தக் குறிப்பென்று அப்பா பிறகு விளங்கப்படுத்தினார்.

எனக்கு அந்தப் பென்சில் குறிப்புத்தான் பெரிதாகப் படுகிறது. கிழவிக்கு இரங்குவதும் கணக்குச் சுத்தமாக இருப்பதும் ஒன்றையொன்று தின்றுவிடவில்லை. சம்பளம் அந்த மாதம் வந்ததோ தெரியாது. அவருடைய மேலதிகாரி எந்த மரத்தடியில் இருந்தார் என்பதும் யாருக்கும் தெரியாது. கேட்பதற்கு ஆளில்லாத இடத்தில் அந்த மனிசர் அப்படி எழுதினார். சம்பளத்துக்கு மேல் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு இதைவிட என்னிடம் பதில் இல்லை.

பெப்ரவரி 25

நேற்றையதைப் படித்துவிட்டு "இப்படித் தியாகிகளைக் காட்டினால் எங்களுக்குச் சந்தோசமாக வாழ உரிமையே இல்லையா அக்கா?" என்று ஒரு தம்பி. நல்ல கேள்வி.

நிறைய உரிமை இருக்கிறது. கந்தோர் மட்டுமே வாழ்க்கை என்று இருக்கிறவர்கள்தான் அங்கே நடக்கிற ஒவ்வொரு அநியாயத்தையும் இரவு கட்டிலுக்குக் கொண்டு போகிறார்கள். க. மு. செல்லப்பா நீதிமன்றத்தில் உத்தியோகம் பார்த்தவர். 1933இல் தன் வீட்டிலேயே நூல்களைச் சேர்த்து ஊர்ச் சனத்துக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த வருசம் அது ஆஸ்பத்திரி வீதியில் வாடகை இடத்துக்கு வந்தது, பிறகு யாழ்ப்பாணப் பொது நூலகமாகி 1959இல் சொந்தக் கட்டடத்துக்குப் போனது. 1981இல் அதை எரித்தபோது ஏறக்குறைய 97,000 புத்தகங்கள். அந்த மனிசர் கந்தோர் முடிந்து வந்து புத்தகத்தை எடுத்து ஒரு பொடியனின் கையில் கொடுத்த நேரத்தில் அவருக்குச் சந்தோசம் இருந்திருக்காது என்று யாராவது சொல்ல முடியுமா?

எல்லாரும் நூலகம் கட்ட வேண்டியதில்லை. நானும் என் வீட்டுக்காரரும் பின்னேரத்தில் பண்ணைப் பக்கம் காற்று வாங்கப் போவோம், கச்சான் வாங்கிக் கொறித்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி இருப்போம், கந்தோர்க் கதை கதைப்பதில்லை என்று ஒரு கட்டுப்பாடு. அந்த ஒரு மணித்தியாலம் இல்லாவிட்டால் அடுத்த நாள் கவுண்டரில் நான் மனிசியாக இருக்கமாட்டேன், சீறி விழுவேன். தம்பி நிம்மதி முக்கியம் என்று எழுதியதை நான் ஒருநாளும் மறுக்கவில்லை. சனத்தைத் திருப்பி அனுப்பி அது கிடைக்காது என்றுதான் சொல்கிறேன்.

மார்ச் 2

சாவகச்சேரித் தங்கச்சி ஒருத்தி எழுதியதை வாசித்தபோது மனம் கனத்துப்போயிற்று. பட்டதாரி. 2017இல் மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் வேலையற்ற பட்டதாரிகளோடு வெயிலில் இருந்தவ. பிறகு அபிவிருத்தி உத்தியோகத்தராக நியமனம் கிடைத்தது. "அக்கா, எனக்கு இருக்கக் கதிரை இல்லை. காலையில் ஒப்பம் வைத்துவிட்டு யாராவது லீவு என்றால் அவரின் மேசையில் இருப்பேன். வேலை தாங்கோ என்று கேட்டால் இருங்கோ பார்ப்பம் என்கிறார்கள். சும்மா சம்பளம் எடுக்கிறாய் என்று ஊர் சொல்கிறது. ராத்திரி நித்திரை இல்லை."

கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் (அரசாங்கத்தில்) மேய்க்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளைப் படிப்பித்தோம். மேய்க்கக் கோழியே கொடுக்காமல் இருத்திவைத்தால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? வேலை செய்யாமல் சம்பளம் எடுப்பதுதான் சந்தோசம் என்றால் இந்தத் தங்கச்சியைவிடக் கொடுத்துவைத்தவர் ஒருவரும் இருக்கக்கூடாது. அவவுக்கோ நித்திரை இல்லை.

இதை வாசித்த பிறகு கொக்குவில் தம்பியின் செக்சனும் எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது. மேலே ஆள் உள்ளவரை விடுங்கள். காலையில் வெளியே போய் மத்தியானம் வருகிறவர் இருக்கிறாரே, அவருக்குக் கடமைப் பட்டியல் என்று ஒன்று கொடுத்திருக்கிறார்களா? அவரிடம் யாராவது ஒரு பைலைக் கொடுத்து இதை முடியுங்கோ என்று கேட்டிருக்கிறார்களா, அல்லது இவர் செய்யமாட்டார் என்று முடிவு கட்டி வந்த முதல் மாதமே ஓரம் கட்டிவிட்டார்களா? இரண்டுமே நடக்கக்கூடியது. நான் கண்ட ஒருவர் அப்படி ஒதுக்கப்பட்டுக் கிடந்தார். 2023இல் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு மேன்முறையீட்டுக்குச் சனம் முண்டியடித்த நேரத்தில் வேறு ஆளில்லாமல் அவரை ஒரு மேசையில் இருத்தினோம். விண்ணப்பத்தில் குறை இருந்தால் திருப்பிக் கொடுக்காமல், தானே கேட்டுக் கேட்டு நிரப்பிக் கொடுத்தார். சனம் அவரைத் தேடி வரத் தொடங்கியது. எல்லாரும் அப்படி மாறுவார்கள் என்று நான் சொல்லவில்லை. கேட்டுப் பார்க்காமல் ஆளை ஒதுக்கித் தள்ளக்கூடாது.

தங்கச்சி, நீங்களும் எழுத்தில் கேளுங்கள். எனக்கு இன்ன பிரிவில் இன்ன வேலை தரும்படி என்று. அதுவரை தகவல் மேசையில் நின்று, வருகிறவருக்கு எந்த அறைக்குப் போவது, எந்தக் கடதாசி குறைகிறது என்று சொல்லிவிடுங்கள். அதற்கு யாரும் ஆள் போடுவதில்லை, சனத்துக்குத் தேவையான முதல் ஆள் அவர்தான்.

மார்ச் 9

கனடாவுக்கு விசிட்டர் விசாவில் போவதா, ஐந்து வருசச் சம்பளமில்லா லீவு எடுப்பதா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள், இன்னொருவர் "போகிறவர்கள் எல்லாம் கடமையை விட்டு ஓடுகிறவர்கள்" என்று அதற்குக் கீழே திட்டியிருக்கிறார்.

திட்டவேண்டாம். 2022 ஜூனில் அரசாங்கமே சுற்றறிக்கை போட்டுத்தான் அந்த லீவைக் கொடுத்தது, சேவை மூப்பும் பென்சனும் பாதிக்காது என்று. பெற்றோலுக்கு நாள் முழுக்க வரிசை, பால்மா இல்லை, சம்பளம் பாதி மாதத்தில் முடிந்தது. பிள்ளைகளை வளர்க்க வழி தேடினவரை நான் எந்த வாயால் குறை சொல்வது? அதே நேரம் எங்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். போனவரின் கதிரை வெற்றிடம் என்று கணக்கில் வராது, ஆள் பதவியில்தான் இருக்கிறார், புது ஆள் வரமாட்டார். அந்த வேலை இருக்கிறவர்கள் மேல் விழும். போகிறவருக்கு நியாயமானது இருக்கிறவருக்கு நியாயமாக இல்லை, இரண்டும் உண்மை. அதைச் சரிசெய்ய வேண்டியது கொழும்பு, போகிற பிள்ளை இல்லை.

போகிறவரிடம் நான் கேட்பது ஒன்றுதான். எங்கள் கந்தோரில் ஒருவர் அப்படிப் போனார், அலுமாரித் திறப்பை மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு. உள்ளே கட்டுக் கட்டாகப் பைல், எது முடிந்தது எது முடியவில்லை என்று கடவுளுக்குத்தான் தெரியும். மாதக்கணக்காகச் சனம் வந்து வந்து போனது. அவருக்குப் பிறகு போன பிள்ளை அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டிவிட்டுப் போனாள். முடியாத விண்ணப்பங்களின் இலக்கம், எந்தத் திணைக்களத்திலிருந்து பதில் வரவேண்டும், விண்ணப்பித்தவரின் தொலைபேசி. நாங்கள் அதைப் பார்த்து ஒவ்வொருவராகக் கோல் எடுத்து, இப்போது வரவேண்டாம், கடிதம் வந்ததும் சொல்கிறோம் என்று சொன்னோம். வெளிக்கிடுகிற கிழமையில் ஒரு பின்னேரம் ஒதுக்கி அப்படி ஒரு தாள் எழுதுங்கள், ஒரு பிரதியை நிருவாக உத்தியோகத்தரிடம் கொடுத்துத் திகதி முத்திரை வாங்கிவிடுங்கள்.